டூபிங்கனில் ஜெர்மன் படித்த கோடை

ஜெர்மன் படிக்க பெர்லின், மியூனிக் என்று போகாமல் ஏன் டூபிங்கன் என்று நண்பர்கள் கேட்டார்கள். பெரிய நகரங்களில் நாம் கொஞ்சம் தடுமாறினாலே எதிரில் இருப்பவர் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிற இந்தச் சின்ன ஊரில், என் வீட்டுக்குப் பக்கத்து பேக்கரி அம்மா நான் வாக்கியத்தை முடிக்கும்வரை காத்திருப்பார். அவர் கேட்கும் "சொன்ஸ்ட் நோஹ் எத்வாஸ்?", அதாவது "வேறு ஏதாவது வேணுமா?" என்பதற்குத் தயங்காமல் பதில் சொல்ல முடிந்த அன்று அவ்வளவு சந்தோஷம்.

வகுப்பு காலையில். எங்களில் பிரேசில், துருக்கி, ஜப்பான் எனப் பல நாட்டவர். ஆசிரியை ஒருநாள் சொல் அட்டைகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்து வரிசையில் நிற்கச் சொன்னார். "வைல் இஷ் ஃபீபர் ஹாபெ", எனக்குக் காய்ச்சல் இருப்பதால். 'ஏனென்றால்' என்று பொருள்படும் 'வைல்' வந்துவிட்டால் வினைச்சொல், இங்கே 'ஹாபெ', கடைசிக்குப் போக வேண்டும். 'ஹாபெ' அட்டை வைத்திருந்த பிரேசில் பையன் நடுவிலேயே நின்றுகொண்டு நகர மறுத்தான். துருக்கிப் பெண்ணும் ஜப்பான்காரரும் நானும் அவன் கடைசிக்குப் போக வேண்டும் என்று ஒரே சமயத்தில் கை காட்டினோம். எங்கள் மூன்று மொழிகளிலும் வினை கடைசியில்தானே வரும்! அன்றிலிருந்து இப்படிப்பட்ட துணை வாக்கியங்களை ஆங்கிலம் வழியாக யோசிப்பதை நிறுத்திவிட்டேன். தமிழில் நினைத்தால் பாதி வேலை முடிந்துவிடுகிறது. ஜெர்மன் கற்கும் தமிழர்கள் எல்லோரும் இதை முதல் மாதத்திலேயே முயன்று பார்க்க வேண்டும் என்பேன்.

மதியத்துக்கு மேல் ஊர் சுற்றல். 1477-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இல்லாமல் இந்த ஊரை நினைக்கவே முடியாது. இரண்டாம் உலகப் போரில் பெரிய சேதமில்லாமல் தப்பியதால் மரச்சட்டம் வைத்துக் கட்டிய பழைய வீடுகள் அப்படியே நிற்கின்றன. நகர மன்றத்தின் முகப்பில் 1511-இல் வைத்த வானியல் கடிகாரம். ஆற்றோரம் மஞ்சள் கோபுரம். மனநலம் குன்றிய கவிஞர் ஹோல்டர்லினை ஒரு தச்சர் குடும்பம் 1807 முதல் 1843-இல் அவர் இறக்கும்வரை அங்கே வைத்துப் பார்த்துக்கொண்டது. மேலே கோட்டைச் சமையலறையை ஆய்வகமாக்கி வேலை செய்த மீஷர் என்ற விஞ்ஞானி, இன்று டி.என்.ஏ. என்கிறோமே, அதை 1869-இல் முதலில் பிரித்தெடுத்தார்.

எனக்கு நெருக்கமாகப் பட்டவர் ஜெர்மன் மிஷனரி ஹெர்மன் குண்டர்ட். இங்கே படித்து 1836-இல் மதராஸ் வந்தவர். திருநெல்வேலிப் பக்கம் இருந்தபோது தமிழ் கற்றார். பிறகு தலச்சேரி போய் மலையாளத்துக்கு இலக்கணமும் அகராதியும் எழுதினார். அவர் சேர்த்த கையெழுத்துப் படிகள் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன, இணையத்திலும் பார்க்கலாம். நல்ல பாடப்புத்தகமோ ஒலிப்பதிவோ இல்லாத காலத்தில் ஒருவர் நம் மொழிகளுக்குள் இவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்பது என்னை இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து படிக்க வைத்தது.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வகுப்பில் கேட்கும் ஜெர்மன் வேறு, தெருவில் கேட்கும் சுவாபிய வழக்கு, அதாவது அந்தப் பகுதியின் பேச்சு மொழி, வேறு. ஆங்கில 'is'-க்கு 'இஸ்ட்' என்று படித்தது சந்தையில் 'இஷ்' ஆகிவிடும். முதல் வாரம் மிரட்டும், அப்புறம் காது பழகிவிடும்.

போவதானால் மே கடைசி அல்லது ஜூனில் போங்கள். கார்ப்பஸ் கிறிஸ்டி என்ற கிறிஸ்தவத் திருநாள் வரும் வியாழக்கிழமை அங்கே பொது விடுமுறை. அன்று நெக்கார் ஆற்றில் நீளக் கழியால் தள்ளும் ஸ்டோஹர்கான் படகுப் போட்டி நடக்கும். பாலத்தின் தூணைச் சுற்றித் திரும்பும் இடத்தில் படகுகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். தோற்ற அணி ஆளுக்கு அரை லிட்டர் மீன் எண்ணெய் குடிக்க வேண்டும். அடுத்த ஆண்டுப் போட்டியை நடத்துவதும் அவர்கள் பொறுப்பு. பாலத்தில் நல்ல இடம் பிடிக்க வேண்டுமானால் சீக்கிரமே போய்விடுங்கள்.