விட்டில் ஒட்டிய ஃபிலிம்

அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக ஃபிலிம் நூலகத்தில் பிரிண்ட், அதாவது திரையில் ஓட்டும் ஃபிலிம் நகல், சரிபார்ப்பது என் வேலை. வெளியே போய்த் திரும்பும் ரீலை ரீவைண்டரில் மாட்டி, ஓரத்தை இரு விரல்களுக்கு நடுவே மெல்ல ஓடவிட வேண்டும். கிழிசலும் ஒட்டும் கண்ணுக்கு முன்பே விரலுக்குத் தட்டுப்பட்டுவிடும். அமெரிக்கச் சோதனைத் திரைப்படக்காரர் ஸ்டான் பிராக்கேஜ் எனக்கு அறிமுகமானது இந்த மேசையில்தான்.

வழக்கமான படங்களில் ஃபிரேமுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே ஒரு கோடு தெரியும். அவர் 1963இல் செய்த ‘மாத்லைட்’ பிரிண்டை லைட் பாக்ஸில் விரித்தபோது அந்தக் கோட்டைக் காணோம். ஒரு சிறகு இரண்டு மூன்று ஃபிரேம்களைத் தாண்டிக் கிடக்கிறது. அடுத்து ஒரு பூவிதழ், நரம்பு தெரியும் இலை, புல். கேமராவே தொடாத படம். கையில் காசில்லாத காலத்தில், விளக்கடியில் செத்துக் கிடந்த விட்டில்களைப் பொறுக்கி, ஃபிலிம் துண்டுகளை ஒட்டப் பயன்படும் 16 எம்எம் ஸ்ப்ளைசிங் டேப்புகளுக்கு நடுவே வைத்து ஒட்டியிருக்கிறார். அந்தப் பட்டையிலிருந்துதான் லேபில் பிரிண்ட் போட்டார்கள். ப்ரொஜெக்டரில் ஓடும்போது செத்த சிறகு படபடக்கிறது. ஒலி கிடையாது, ப்ரொஜெக்டர் சத்தம் மட்டும்தான்.

‘பச்சை’ என்ற சொல்லே அறியாமல் தவழும் குழந்தைக்குப் புல்வெளியில் எத்தனை நிறங்கள் தெரியும் என்று அவர் எழுதிக் கேட்டதும் அதே ஆண்டில்தான். அவருடைய மொத்தப் பாடமும் அந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும் என்பேன். சிகாகோவிலும், 1981 முதல் போல்டரில் கொலராடோ பல்கலைக்கழகத்திலும் பாடம் நடத்தினார். ஞாயிற்றுக்கிழமைகளில் படம் போட்டுப் பேசுவார். மற்றவர்கள் எடுத்த படங்களைப் பற்றித்தான் நிறையப் பேசுவார். ‘சவுத் பார்க்’ என்ற கார்ட்டூன் தொடரை எடுத்த இருவரும் அவரிடம் படித்தவர்கள். தன்னைப் போலவே எடுக்கச் சொல்லும் வாத்தியாரிடமிருந்து அப்படிப்பட்ட மாணவர்கள் வரமாட்டார்கள்.

2003 மார்ச்சில் மறைந்தார். படுக்கையில் கிடந்த கடைசி நாட்களிலும் எச்சில் தொட்டு ஃபிலிமை நனைத்து, நகத்தால் கீறிப் படம் செய்தார். ஏறக்குறைய நானூறு படங்களை விட்டுப்போனவர்.

ஆண்டுதோறும் அவர் நினைவாகப் பலர் வீடியோ இணைப்புகளைப் பகிர்கிறார்கள். அந்த அன்பு புரிகிறது. ஆனால் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும் படத்தை வீடியோவாகச் சுருக்கினால் சிறகின் நரம்பெல்லாம் கலங்கிப்போகிறது. கல்லூரியிலோ திரைப்படக் கழகத்திலோ பொறுப்பில் இருப்பவர்கள் ஒரு 16 எம்எம் ப்ரொஜெக்டரைத் தேடிப் பிடியுங்கள். சான்ஃபிரான்சிஸ்கோவின் கேன்யன் சினிமா அவருடைய பிரிண்டுகளை வாடகைக்குத் தருகிறது. வரவழைத்துத் திரையில் ஓட்டுங்கள். ஓட்டுவதற்கு முன் மாணவர்கள் கையில் கொடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.