ஏற்காடு ஏரியும் டிர்க் வில்லெம்ஸும்

ஞாயிறு ஆராதனை முடிந்து, ஏற்காடு ஏரிக்கரையில் சூடாக மிளகாய் பஜ்ஜி. மூடுபனியில் படகுகள் தெரியவில்லை. அக்கா மகனிடம் டிர்க் வில்லெம்ஸ் கதையை எடுத்தேன்.

1569, நெதர்லாந்து. வளர்ந்தபின் மறுபடி ஞானஸ்நானம் எடுத்த அனபாப்டிஸ்ட் பிரிவுக் கிறிஸ்தவர் டிர்க், அதற்குத்தான் சிறை. தப்பி, உறைந்த நீர்மேல் ஓடுகிறார். சிறைச் சோற்றில் இளைத்த உடம்பு, பனிக்கட்டி தாங்கியது. துரத்தியவன் உள்ளே விழுந்தான். டிர்க் திரும்பி வந்து தூக்கிவிட்டார். அப்புறம் பிடித்து எரித்துவிட்டார்கள்.

“காப்பாத்தினவரை விட்டிருக்கலாமே, மாமா?”

துரத்தியவனுக்கும் விட மனசுதான். கரையிலிருந்த அதிகாரி அவன் செய்த சத்தியத்தை நினைவூட்டினாராம். அனபாப்டிஸ்டுகள் வாள் எடுப்பதையும் சத்தியப் பிரமாணம் செய்வதையும் மறுத்தது சும்மாவா!

“நீங்கன்னா திரும்பிப் போவீங்களா?” என்று பையன் கேட்கவில்லை. நல்லவேளை, பஜ்ஜி வாயில் இருந்தது.