தேக்கு நிற்கிறது, நெல்லிக் கன்று எங்கே?

புலிகள் கணக்கெடுப்பு என்றால் பலருக்கும் கேமராதான் நினைவுக்கு வரும். முதுமலையில் என் வேலை பெரும்பாலும் கயிறும் படிவமும்தான். விடிந்ததும் இரண்டு கிலோமீட்டர் நேர்கோட்டில் நடந்து, புலிக்கு இரையாகும் மானையும் காட்டுமாட்டையும் எண்ணுவோம். திரும்பும்போது 400 மீட்டருக்கு ஒருமுறை நிற்போம். கயிறு பிடித்து வட்டம் போட்டு, 15 மீட்டர் ஆர வட்டத்துக்குள் மரமும் புதரும், 1 மீட்டர் ஆர வட்டத்துக்குள் புல்லும் சருகும் வெறுந்தரையும் எவ்வளவு என்று படிவத்தில் குறிப்போம். அப்புறம் பட்டை போன்ற ஒரு நீளத் துண்டு நிலத்தில் குனிந்து அந்த விலங்குகளின் புழுக்கையை எண்ண வேண்டும்.

ஓங்கி நிற்கும் தேக்கும் கருமருதும், முன்பு இங்கே காடு நன்றாக இருந்தது என்று சொல்லும், அவ்வளவுதான். இனியும் இருக்குமா என்பதை முழங்கால் உயரக் கன்றுகளிடம்தான் கேட்க வேண்டும். நெல்லி காய்த்துக் கொட்டியிருக்கும். புள்ளிமான் பழத்தைத் தின்று, அசைபோடும்போது கொட்டையைத் துப்பியும் இருக்கும். சுற்றிப் பார்த்தால் ஒரு கன்றுகூட இருக்காது. கோடைத் தீ போயிருக்கும், இல்லையென்றால் உண்ணிச்செடி என்ற களைப்புதர் (லண்டானா) அடைத்திருக்கும். உண்ணி அடர்ந்த இடத்தில் தீயும் மூர்க்கமாக எரிகிறது.

செயற்கைக்கோள் படத்தில் காடும் பச்சை, உண்ணியும் பச்சை, மஞ்சக்கொன்னையும் பச்சை. அழகுக்காக நட்ட அந்த அமெரிக்க மரம் பூக்கும்போது வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். எனக்கு வயிறு எரியும். மான் அதைத் தொடுவதில்லை, அடியில் புல் வளர்வதில்லை, வெட்டினால் கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

ஒருமுறை அளந்து முடிவு சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. இதே முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தார் 1988 முதல் 50 ஹெக்டேர் நிலத்தில் அதே மரங்களைத் திரும்பத் திரும்ப அளந்து வருகிறார்கள். யானைகள் ஒடித்து ஒடித்து ஒரு மர இனமே அங்கே வெகுவாகக் குறைந்துபோனது அப்படித்தான் தெரிய வந்தது.

களைச்செடி அகற்றிய பரப்பு இத்தனை ஹெக்டேர் என்று அறிக்கைகளில் வருகிறது. சரி, அங்கே புல் வந்ததா, புழுக்கை கூடியதா? அதே வட்டங்களில் மறுபடி கயிறு பிடிக்க வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறேன். உண்ணியை வேரோடு எடுத்தாலும் மண்ணில் கிடக்கும் விதை அடுத்த மழைக்கே முளைத்துவிடும். அடுத்தடுத்த மழைக்காலங்களில் அதைக் கையால் பிடுங்கும் கூலிக்கும் முதலிலேயே பணம் ஒதுக்க வேண்டும்.