காய்ச்சல் எத்தனை மணிக்கு?

இலங்கை மலையகத்தில், ஹட்டனிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரி. அதன் ஆய்வுகூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தது ஒரு ஆடி மாதம். மழையென்றால் அப்படியொரு மழை. பிள்ளைகள் வாட்டில் சிலருக்கு இழுப்பு, சிலருக்கு நெஞ்சுச் சளி, சிலருக்கு இரண்டும். டொக்டருக்குத் தலைவலியே அந்த மூன்றாவது கூட்டம்தான். பிள்ளைகளுக்கு இழுப்பைக் கிளப்பிவிடுவது பெரும்பாலும் தடிமன் வைரஸ். அதற்கு அன்டிபயோட்டிக் பயன்படாது. பக்டீரியா நிமோனியா என்றாலோ தாமதிக்க முடியாது. ஆகவே எது என்று பிரித்தறிய இரத்தப் பரிசோதனைச் சீட்டு எங்களிடம் வரும்: சீ.ஆர்.பி. (கிருமி தாக்கினால் இரத்தத்தில் ஏறும் புரதம்), ஈ.எஸ்.ஆர். (குழாயில் சிவப்பணு இறங்கும் வேகம்), வெள்ளை அணுக் கணக்கு.

அப்போது சீ.ஆர்.பி. பார்க்க எங்களிடம் லேட்டெக்ஸ் முறைதான். கறுப்புத் தட்டில் ஒரு சொட்டு சீரம் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்), அதோடு பால் போன்ற சோதனை மருந்து ஒரு சொட்டு. குச்சியால் கலந்து, இரண்டு நிமிஷம் தட்டைச் சாய்த்துச் சாய்த்து ஆட்ட வேண்டும். பால் திரிவதுபோல் மணி மணியாகத் திரண்டால் லீற்றருக்கு 6 மில்லிகிராமுக்கு மேல். பிறகு சீரத்தை நீர்த்து நீர்த்துப் பார்ப்போம்: 12, 24, 48. நேரம் தப்பினால் தட்டு காய்ந்து, இல்லாததும் திரளும். ஈ.எஸ்.ஆர். வேறு கதை. குளிரில் சிவப்பணு மெதுவாக இறங்கும், இரத்தச்சோகையில் வேகமாக இறங்கும். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு இரண்டும் உண்டு. அந்த எண்ணை நான் பெரிதாக நம்பியதில்லை.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஐந்து வயதுப் பையன் ஒருவனின் இரத்தம் வந்தது. தட்டு தெளிவாக இருந்தது. 'இல்லை' என்று எழுதினேன். வெறும் இழுப்பு என்று மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் மாலை விலா உள்ளிழுக்க மூச்சு வாங்கியபடி திரும்பி வந்தான். இந்தத் தடவை 48 வரை திரண்டது. எக்ஸ்ரேயில் வலது பக்கம் கீழே வெள்ளை: நிமோனியா.

என் பிழையோ என்று முந்தின நாள் பதிவையெல்லாம் புரட்டினேன். சோதனை மருந்தும் சரி, விடை தெரிந்த மாதிரியை வைத்துப் பார்க்கும் கன்ட்ரோலும் சரி. கடைசியில் வெளியே போய்த் தாயைக் கேட்டேன்.

"பெரட்டு நேரம் நல்லாத்தான் இருந்தான் சேர். அப்புறம்தான் ஒடம்பு கொதிச்சிச்சு. அன்னைக்குப் பேரும் போச்சு."

பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் பேர் பதியும் கூட்டம்; பேர் போனால் அன்றைய சம்பளம் இல்லை. அது ஏழு மணிக்கு. இரத்தம் எடுத்தது பத்துக்கு. சீ.ஆர்.பி. கல்லீரல் சுரக்கும் புரதம். இரத்தத்தில் தெரிகிற அளவுக்கு ஏற ஆறு மணி நேரமாவது வேண்டும், உச்சம் தொட ஒன்றரை, இரண்டு நாள். சீட்டில் வயது இருந்தது, கட்டில் இலக்கத்துக்கும் கட்டம் இருந்தது. காய்ச்சல் தொடங்கிய நேரத்துக்கு மட்டும் இடமில்லை.

குடித்த மருந்துக்கும் இடமில்லை. இயோசினோபில் என்ற வெள்ளை அணு கூடியிருந்தால் ஆஸ்துமாதான் என்று தாவுகிறவர்கள் உண்டு. வயிற்றுப் பூச்சிக்கும் அது ஏறும். இழுப்புக்குக் கொடுக்கும் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட் குடித்த பிள்ளைக்கு அது இறங்கி, கிருமி புகுந்ததுபோல் நியூட்ரோபில் என்ற இன்னொரு வெள்ளை அணு ஏறி நிற்கும்.

பையன் ஒரு வாரத்தில் தேறிவிட்டான்.

இப்போது மெஷின் தசமத்தோடு எண் தருகிறது. ஆனாலும் நான் நடைபாதைக்குப் போய்க் காய்ச்சல் தொடங்கிய நேரத்தைக் கேட்டுவிட்டே இரத்தத்தை மெஷினில் வைப்பேன். மணி கணக்கில் எந்தத் தாயும் சொன்னதில்லை. நேற்று ஒருத்தி, "மொதக் கொழுந்து நிறுக்கிறப்ப ஆள் விட்டாங்க சேர்" என்றாள். சீட்டின் மூலையில் சிவப்புப் பேனாவால் 9.30 என்று எழுதினேன்.