26 வரியில் நின்றுபோன தாள்

மூன்று மாத அலைச்சலுக்குப் பிறகு, போன வாரம்தான் எங்கள் மல்லிகை சோப்புக்குப் புது லேபிள் அச்சாகி வந்தது. பழைய லேபிள்கள் 5,000, அட்டைப்பெட்டியில் அப்படியே கிடக்கின்றன. மொத்தமாக அடித்தால் மலிவு என்று அவசரப்பட்டது நான்தான்.

ஐரோப்பாவுக்குச் சோப்பு அனுப்புகிறவர்களுக்கு 2023/1545 என்ற எண் பழக்கமாகியிருக்கும். லேபிளில் பெயர் சொல்லியாக வேண்டிய வாசனை ஒவ்வாமைப் பொருள்களை 80-க்கு மேல் கொண்டுபோன ஐரோப்பிய ஒன்றிய விதி அது. "2028 ஜூலை 31 வரை இருக்கிறதே" என்று நான் நிம்மதியாக இருந்தேன். அந்தத் தேதி கடை அலமாரிக்கு வந்துவிட்ட சரக்கை விற்றுத் தீர்ப்பதற்கு. 2026 ஜூலை 31-க்குப் பிறகு அங்கே சந்தைக்குள் நுழையும் ஒவ்வொரு பெட்டியும், பத்து வருடமாக அனுப்பும் அதே சோப்பாக இருந்தாலும், புது விதிப்படிதான். ஜெர்மனியில் எங்கள் சரக்குக்குச் சட்டப்படி பொறுப்பாளராக இருப்பவர் போனில் இதைச் சொன்னபோது வயிற்றைக் கலக்கியது.

வாசனை வாங்கும் கடைக்கு மூன்று மெயில் போட்டேன். பதில் இல்லை. ஐந்து மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து நேரில் போனேன். "எம்எஸ்டிஎஸ் கொடுத்தாச்சே சார், அது போதாதா?" என்றார் மேசையில் இருந்த தம்பி. போதாது. அது வேதிப்பொருளின் பாதுகாப்புத் தாள், அதில் ஆபத்துக் குறிப்புகள் இருக்கும். நமக்கு வேண்டியது எந்த ஒவ்வாமைப் பொருள் எத்தனை சதவீதம் என்ற தனித்தாள். அரை மணி தேடி ஒன்றை அச்செடுத்துக் கொடுத்தார். எண்ணிப் பார்த்தேன், 26 வரி. பழைய பட்டியல். போதாக்குறைக்கு நடுவில் லிலியால் என்ற வாசனைப் பொருள் 1.8 சதவீதம்! ஐரோப்பாவில் 2022 மார்ச் 1 முதல் தடைசெய்யப்பட்ட பொருள் அது. "இப்ப அது போடறதில்லை சார், தாள்தான் பழசு." இருக்கலாம். ஆனால் சோப்பு பாதுகாப்பானதா என்று பார்த்து அறிக்கை தரும் மதிப்பீட்டாளரிடம் வாய்வார்த்தையைக் கொடுக்க முடியுமா?

திரும்பி வந்து, கேனில் ஒட்டியிருந்த தயாரிப்பாளர் பெயரையும் லாட் எண்ணையும் வைத்து நேராக அவர்களுக்கே எழுதினேன். ஒன்பதே நாளில் புதுத் தாள் வந்தது. இதை முதல் நாளே செய்திருக்கலாம். கேட்கும்போது "ஒவ்வாமைப் பட்டியல்" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். 2023/1545 என்று எண்ணைப் போட்டு, வாசனையின் குறியீட்டு எண்ணையும் எழுதுங்கள். வந்ததும் முதலில் தாளின் தேதியைப் பாருங்கள்.

கணக்கு எளிதுதான். சோப்பில் வாசனை 3 சதவீதம், அதில் லினலூல் என்ற ஒவ்வாமைப் பொருள் 0.5 சதவீதம் என்றால் சோப்பில் 0.015 சதவீதம். கழுவிவிடும் பொருளுக்கு எல்லை 0.01, ஆகவே பெயர் போட வேண்டும். உடம்பில் தங்கும் தைலத்துக்கு எல்லை 0.001, அதில் ஏறக்குறைய எல்லாமே மாட்டும். "நாங்கள் இயற்கை எண்ணெய்தான் போடுகிறோம்" என்பதும் செல்லாது. சந்தன எண்ணெய், லெமன்கிராஸ் எண்ணெய், கிராம்பு எண்ணெய் எல்லாம் பட்டியலிலேயே இருக்கின்றன.

மதிப்பீட்டு அறிக்கைத் திருத்தம் இரண்டு வாரத்தில் சிக்கலில்லாமல் முடிந்தது.

நேற்று அந்தக் கடைத் தம்பி போன் செய்தார். புதுத் தாளில் ஒரு காப்பி அனுப்ப முடியுமா, வேறு இரண்டு பேர் கேட்கிறார்கள் என்றார்.