நாலு பேரும் ஒன்றாக வாசித்த மூன்று நிமிடம்

முதல் பாட்டுக்கு வீடியோ எடுக்க வேண்டும் என்று ஏதாவது புதிய இசைக்குழு எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்தால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். நேராக வாசிக்கப் போகிறீர்களா, ப்ளேபேக்குக்கு வாயசைக்கப் போகிறீர்களா? பெரும்பாலும் ப்ளேபேக் என்றுதான் பதில் வரும். சரி, அவர்கள் பாட்டு, அவர்கள் காசு. ஆனாலும் ஒரு தடவையாவது நேராக வாசித்து எடுத்துப் பார்ப்போமே என்று விடாமல் கேட்பேன். ஏன் இவ்வளவு கேட்கிறேன் என்பதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

கோலாலம்பூரில் ஜாலான் ஈப்போ பக்கம் இருக்கிற ஒரு வாடகை ஸ்டூடியோவில் விஷன் மிக்சராக வேலை செய்கிறேன். நாலு கேமராவின் படமும் என் முன்னால் தனித்தனித் திரைகளில் ஓடும். எந்த நொடியில் எந்தப் படம் வெளியே போக வேண்டுமோ அந்தப் பொத்தானை அழுத்துவது என் வேலை. தீபாவளி சிறப்பு நிகழ்ச்சி, பட்டிமன்றம், சமையல், நிறுவனங்களின் ஆண்டுக் கூட்டம், இப்படித்தான் வருடம் ஓடும். இசைக்குழுக்கள் எப்போதாவது வருவார்கள். அவர்கள் வருகிற நாளில் எனக்குக் காலையிலேயே கை பரபரக்கும்.

ஆர்க்டிக் மங்கீஸ் என்ற ஆங்கிலக் குழுவின் 'ஐ பெட் யூ லுக் குட் ஆன் த டான்ஸ்ஃப்ளோர்' வீடியோவை எனக்கு முதலில் போட்டுக் காட்டியது எங்கள் பழைய இன்ஜினியர் அங்கிள்தான். 2005 அக்டோபரில் வந்த பாட்டு. இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் நகரத்துப் பையன்கள், பாடுகிற அலெக்ஸ் டர்னருக்கு அப்போது 19 வயது. அந்த மே மாதம்தான் சொந்த லேபிளில், அதாவது சொந்தப் பாட்டு வெளியீட்டு நிறுவனத்தில், 500 சிடியும் 1000 இசைத்தட்டும் மட்டும் போட்டு ஒரு சின்ன வெளியீடு செய்திருந்தார்கள். அதற்கும் முன்னால், டெமோ என்கிற மாதிரிப் பதிவுகளை சிடியில் பதிந்து கச்சேரிக்கு வந்தவர்களிடம் சும்மா கொடுத்தார்கள், வாங்கியவர்கள் அதை இணையத்தில் ஏற்றிப் பரப்பினார்கள். டாமினோ என்ற சுயாதீன லேபிளில் வந்த இந்தப் பாட்டு நேராக இங்கிலாந்துப் பாட்டு விற்பனைப் பட்டியலில் முதல் இடத்துக்குப் போனது. அப்படிப்பட்ட பாட்டுக்கு எடுத்த வீடியோவில் கதை கிடையாது, நாயகி கிடையாது, கடற்கரை கிடையாது. நாலு பேர் ஒரு ஸ்டூடியோவில் நின்று வாசிக்கிறார்கள், அவ்வளவுதான். தொடங்கும் முன் டர்னர் குழுவின் பெயரையும் பாட்டின் பெயரையும் சொல்லிவிட்டு, எங்களைப் பற்றிக் கிளப்புகிற பரபரப்பை நம்பாதீர்கள் என்று சொல்கிறார். அடுத்த நொடி டிரம்ஸ் இடிக்கிறது.

அங்கிள் திரையை நிறுத்திவிட்டு, "இது இப்ப உள்ள கேமரா இல்லடா தம்பி, டியூப் கேமரா" என்றார். டியூப் என்பது உள்ளே விழும் ஒளியைப் படமாக மாற்றுகிற கண்ணாடிக் குழாய், இப்போது அந்த வேலையைச் சிப் செய்கிறது. அவர் சொன்னது உண்மைதான். இயக்குநர் ஹியூஸ் மோன்ஃபரடி 1980களில் வந்த, இகெகாமி நிறுவனத்தின் மூன்று டியூப் கொண்ட கேமராக்களைத் தேடிப் பிடித்து எடுத்த படம் அது. 1971இல் பிபிசியில் தொடங்கி 80களின் கடைசி வரை ஓடிய 'தி ஓல்ட் கிரே விசில் டெஸ்ட்' என்ற இசை நிகழ்ச்சியின் தோற்றம் வர வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்தார்கள். நம் ஊரிலும் கலர் ஒளிபரப்பு தொடங்கியது 1978இல்தான், அந்தக் காலத்து ஸ்டூடியோ கேமராக்களும் டியூப்தான், அங்கிள் அவற்றோடு வளர்ந்தவர். உள்ளே வரும் ஒளியை ஒரு பட்டகம் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்து மூன்று டியூப்களுக்கு அனுப்பும். அந்த மூன்று படமும் இம்மி பிசகாமல் ஒன்றின் மேல் ஒன்று உட்கார வேண்டும், இல்லையென்றால் முகத்தின் ஓரத்தில் கலர் பிதுங்கி நிற்கும். காலையில் வந்ததும் கேமராவைச் சூடேற்றி, கோடு போட்ட சோதனை அட்டையைப் பார்த்து, மூன்றையும் பொருத்திவிட்டுத்தான் வேலையே தொடங்குவார்களாம். விளக்கை நேராகக் காட்டினால் அதன் தடம் டியூபில் பதிந்துவிடும், கேமராவைத் திருப்பினால் விளக்குக்குப் பின்னால் ஒளி வாலாக இழுபடும்.

பழைய கேமரா அழகாக இருக்கிறது என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. அந்த வீடியோவில் பையன்கள் அங்கேயே வாசிக்கிறார்கள், கடையில் விற்ற பதிவின் ஒலி அதில் இல்லை. எனக்கு முக்கியம் அதுதான். டர்னர் மூச்சு வாங்குவது கேட்கிறது, மேட் ஹெல்டர்ஸ் டிரம்ஸை அடிக்கிற அடி தோளிலிருந்து வருவது தெரிகிறது. பாட்டை முன்பின் கேட்டிராதவன்கூட இவர்களால் இதை வாசிக்க முடியும் என்று நம்புவான். புதிய குழுவுக்கு முதலில் கிடைக்க வேண்டிய நம்பிக்கை அது.

நம் ஊர்த் தமிழ்க் குழுக்களுக்கு இது இன்னும் அதிகமாகத் தேவை என்று நினைக்கிறேன். ஆலிகேட்ஸ் இசைக்குழுவின் டேவிட் ஆறுமுகமும் லோகநாதனும் பினாங்குத் தமிழ்ப் பிள்ளைகள், ஹாங்காங் வரை போய் இரவு விடுதி மேடைகளில் வாசித்து வாசித்துக் கை பழகிய பிறகுதான் மலாய்ப் பாட்டுகளில் வீட்டுக்கு வீடு தெரிந்தவர்கள் ஆனார்கள். 2006இல் யோகி பி அண்ட் நட்சத்திரா என்ற நம் ஊர் ஹிப்ஹாப் குழுவின் 'வல்லவன்' ஆல்பம் தமிழ்நாட்டு வரை போய் அடித்தது, அதற்கப்புறம் ஹிப்ஹாப் பாடுகிற தம்பிகளுக்கு ஒரு பாதை கிடைத்தது. தமிழில் ராக் வாசிக்கிற பிள்ளைகளுக்கு அந்த மாதிரி பாதை இன்னும் விழவில்லை. கிட்டாரும் டிரம்ஸும் வைத்துக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்த்து, யாரோ ஸ்டூடியோவில் செய்துகொடுத்ததற்கு இவர்கள் சும்மா நிற்கிறார்கள் என்று நம் ஆட்கள் நினைத்துவிடுகிறார்கள். சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்த காது நமக்கு. அதில் வாசிக்கிறவர் முகத்தைப் பார்க்கிற பழக்கமே இல்லை.

செந்தூல் பக்கத்திலிருந்து நாலு தம்பிகள் ஒரு தடவை வந்தார்கள். முதல் பாட்டு, சொந்தப் பாட்டு. கூடவே பணம் போட்ட ஒரு ஆள், அப்புறம் பாடுகிற தம்பியின் அக்கா. பாதிப் பணம் அந்த அக்காவுடையது. பணம் போட்டவர் கையில் ஒரு பட்டியல் இருந்தது: பத்துமலைப் படிக்கட்டு, இரட்டைக் கோபுரம், மழையில் ஒரு பெண். அவர்கள் வைத்திருந்த வெள்ளிக்கு அதில் ஒன்றைக்கூட ஒழுங்காகச் செய்ய முடியாது. நான் கன்ட்ரோல் ரூமில் அந்த ஆங்கில வீடியோவைப் போட்டேன். டிரம்ஸ் வாசிக்கிற தம்பி முழுசாகப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுல ஒண்ணுமே இல்லையே, ஆனா கண்ணை எடுக்க முடியலை" என்றான். பாடுகிற தம்பிக்குத்தான் பயம். ஸ்டூடியோவில் வரி வரியாகப் பாடித் திருத்திய குரல் அவனுடையது, நேராகப் பாடினால் மேல் ஸ்தாயியில் பிசிறும் என்றான். பிசிறட்டும் தம்பி, கச்சேரியிலும் அப்படித்தானே பாடுகிறாய் என்றேன்.

நேராக எடுப்பது சோம்பேறி வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். வேலை அதில்தான் அதிகம். ப்ளேபேக் என்றால் ஒலி ஏற்கனவே முடிந்த கதை, படம் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். நேராக எடுக்கும்போது டிரம்ஸ் மைக்குக்குள் பாடுகிறவன் குரல் வரும், குரல் மைக்குக்குள் டிரம்ஸின் சிம்பல் தட்டுச் சத்தம் வரும். டிரம்ஸை எங்கே வைப்பது, யாரை யாருக்கு எதிரே நிறுத்துவது என்று முடிவு செய்யவே அரை நாள் போகும். ஒலி 48 கிலோஹெர்ட்ஸில், படம் நொடிக்கு 25 ஃபிரேம், இரண்டு கருவியும் ஒரே கடிகாரத்தைப் பார்த்து ஓட வேண்டும். இரண்டு ஃபிரேம் விலகினாலே 80 மில்லிநொடி, டிரம்ஸ் குச்சி தோலில் விழுவதும் சத்தமும் ஒட்டாமல் போய்விடும். அதைக் கண்டுபிடிக்க நிபுணர் வேண்டாம், வீட்டில் பார்க்கிற பாட்டிக்கே உறுத்தும்.

அதைவிடப் பெரிய வேலை, எங்கள் கேமராமேன்கள் பாட்டைக் கற்றுக்கொள்வது. முதல் நாள் இரவே பாட்டை எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் பேஸ் கிட்டார் மட்டும் தனியாக ஒரு சுற்று வரும், அப்போது மூன்றாம் கேமரா அங்கே இருக்க வேண்டும், நான் கூப்பிட்ட பிறகு திரும்பினால் அந்தச் சுற்று முடிந்துவிடும். நல்ல கேமராமேன் வாசிக்கிறவனின் தோளைப் பார்த்தே அடுத்து என்ன என்று தெரிந்துகொள்வான். எடிட்டிங் மேசையில் வெட்டினால் தாளத்தின் மேலேயே அளந்து வைக்கலாம். பொத்தானை நேரடியாக அழுத்தும்போது என் விரலும் காதைக் கேட்டுத்தான் போகிறது, ஒரு கட் ஒரு ஃபிரேம் முந்தும், இன்னொன்று பிந்தும். மூன்றாவது நாலாவது டேக்கில் குழுவோடு சேர்ந்து நாங்களும் வாசிக்கிற மாதிரி ஒரு ஓட்டம் வரும். இத்தனை வருடம் இந்த வேலையில் நான் இருப்பதே அந்த ஓட்டத்துக்காகத்தான்.

அன்று எடுத்த டேக்குகளில் ஒன்றில் கிட்டார் தம்பியின் கையிலிருந்து தந்தி மீட்டுகிற பிக் நழுவி விழுந்தது. குனியவில்லை, நிறுத்தவில்லை, விரலாலேயே தொடர்ந்தான். கிட்டார் சத்தம் திடீரென்று தணிந்தது. டிரம்ஸ் தம்பி அதைக் கேட்டுவிட்டு உடனே கையை அடக்கினான், பேஸும் இறங்கியது, பாடுகிறவன் ஏன் என்று புரியாமலே குரலைக் கொஞ்சம் தாழ்த்தினான். பல்லவி வரும் முன் கிட்டார் தம்பி மைக் ஸ்டாண்டில் ஒட்டி வைத்திருந்த இன்னொரு பிக்கை உருவினான், நாலு பேரும் ஒன்றாக ஏறினார்கள். ஒத்திகையில் இப்படி ஓர் இறக்கம் கிடையாது, யாரும் யாருக்கும் சொல்லவும் இல்லை. நாலாம் கேமரா மட்டும் கிட்டாரைப் பிடித்திருந்தது, நான் அதிலிருந்து நகரவே இல்லை.

பணம் போட்டவருக்கு அது பிடிக்கவில்லை. அதற்கடுத்த டேக் சுத்தமாக இருந்தது, அதைப் போடலாம் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த டேக்கில் குரல் நன்றாகவே வந்திருந்தது, விளக்கும் சரியாக விழுந்திருந்தது. இரண்டையும் பெரிய திரையில் ஓட்டினோம். அக்கா இரண்டாவதைப் பாதியிலேயே நிறுத்தச் சொன்னார். "முதல்ல பார்த்ததுலதான் இவனுங்க ஒருத்தனை ஒருத்தன் பார்த்துக்கிறானுங்க" என்றார். அவருக்கு பிக் விழுந்ததே தெரியாது, நாங்கள் யாரும் சொல்லியிருக்கவில்லை. அதைத்தான் போட்டோம்.

வானொலிக்கு ஸ்டூடியோவில் பதிந்த வடிவம் போனது, வீடியோவில் இந்த வடிவம். இரண்டும் வேறு வேறாக இருக்கிறதே என்று கேட்டவர்களும் உண்டு. வேறாகத்தான் இருக்க வேண்டும் என்பேன் நான். முதலாவதைக் கேட்டுப் பாட்டைத் தெரிந்துகொள்ளலாம், குழுவைத் தெரிந்துகொள்ள இரண்டாவதுதான் வேண்டும். அந்தத் தம்பிகள் இப்போது இரண்டாவது பாட்டுக்கு ட்ரோன் வேண்டும், கேமரன் மலை வேண்டும் என்கிறார்கள். தாராளமாகப் போகட்டும். முகத்தைக் காட்டியாயிற்று, இனி எங்கே நின்றாலும் இவர்கள்தான் வாசிக்கிறார்கள் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியும்.

அடுத்த மாதம் பட்டர்வர்த்திலிருந்து ஒரு குழு வருகிறது, மூன்று பையன்களும் ஒரு பெண்ணும், பெண்தான் டிரம்ஸ். பாட்டை இன்னும் அனுப்பவில்லை, நேற்றும் போனில் கேட்டேன். மற்றவர்கள் படப்பிடிப்பு அன்று காலையில் வந்தால் போதும், டிரம்ஸ் வாசிக்கிற தங்கச்சி மட்டும் முதல் நாள் மத்தியானமே வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.