ஃபெரெய்ரா கிடங்கில் போர்ட் ஒயின்

போர்ச்சுகலின் போர்த்தோ நகரில் போர்ட் ஒயின் (சாராயம் சேர்த்த இனிப்பு ஒயின்) தேடுகிறவர்கள் ஆற்றைக் கடந்தாக வேண்டும். ஒயினை முதிரவைக்கும் கிடங்குகள் அநேகமாக எல்லாமே டோரோ ஆற்றின் தென்கரையில், விலா நோவா டி காயாவில்தான் இருக்கின்றன. முதலாம் லூயிஸ் பாலத்தின் மேல்தளத்தில் நடந்து, ஜார்டிம் டோ மோரோ மெட்ரோ நிலையத்திலிருந்து கீழிறங்கினால் கரையோரச் சாலை வந்துவிடும். கூரைகளில் கண்ணில் படுபவை பெரும்பாலும் பிரிட்டிஷ் பெயர்கள்: சாண்டிமேன், டெய்லர்ஸ், கிரஹாம்ஸ். ஒரே ஒரு கிடங்குக்குத்தான் நேரம் என்றால் ஃபெரெய்ராவுக்குப் போங்கள். 1751-இல் டோரோவின் திராட்சை விவசாயக் குடும்பம் தொடங்கியது. 1987-இல் கைமாறியபோதும் வாங்கியது சோக்ரேப் என்ற போர்ச்சுக்கீசிய நிறுவனமே.

இந்தப் பெயரை நிலைநிறுத்தியவர் டோனா அன்டோனியா அடிலெய்டு ஃபெரெய்ரா. 1811-இல் பிறந்து, 33 வயதில் கணவரை இழந்தவர். ஃபிலாக்ஸெரா பூச்சி வேரைத் தின்று டோரோ சரிவுகளையே மொட்டையடித்த காலத்திலும் நிலம் வாங்கி, கொடி நட்டுக்கொண்டே இருந்தார். 1877-இல் மேல் டோரோவில் தரிசாகக் கிடந்த வாலே டோ மெயாவ் நிலத்தை வாங்கித் தோட்டமாக்கினார். 1861-இல் வலேரா நீர்ச்சுழியில் படகு கவிழ்ந்து பிரிட்டிஷ் ஒயின் வணிகர் பரோன் ஃபாரஸ்டர் மூழ்கிப்போனார். அதே படகில் இருந்த அன்டோனியா பிழைத்தார். விரிந்த பாவாடை மிதவையாகித் தாங்கியது என்பது ஊரார் சொல்லும் கதை.

ஒயின் பிறப்பது காயாவில் அல்ல, ஆற்றின் மேற்போக்கில், ஷிஸ்ட் என்ற அடுக்குப் பாறைச் சரிவுகளில். டூரிகா நாசியோனல், டூரிகா ஃபிராங்கா, டின்டா ரோரிஸ் போன்ற திராட்சைகளை லகார் எனப்படும் கருங்கல் தொட்டியில் கொட்டி, தோளோடு தோள் சேர்த்து மிதிக்கிறார்கள். இயந்திரங்கள் வந்த பிறகும் காலுக்குத் தனி மதிப்பு; தோல் நசுங்கும், கசப்பான விதை உடையாது. நொதிப்பது இரண்டு மூன்று நாள்தான், அதற்குள் நிறம் முழுக்க இறங்கிவிட வேண்டும். சர்க்கரையில் பாதியளவு மீதமிருக்கும்போதே 77 சதவீத திராட்சைச் சாராயத்தைச் சேர்த்து நொதிப்பை நிறுத்துகிறார்கள். கணக்கு ஏறக்குறைய 435 லிட்டர் சாறுக்கு 115 லிட்டர். தாமதித்தால் இனிப்பு போய்விடும். அவசரப்பட்டால் நிறம் வெளுத்து, தித்திப்பு திகட்டும்.

மேட்டில் கோடை வெயில் கொளுத்துவதால் அங்கேயே வைத்தால் ஒயின் சீக்கிரம் முற்றிவிடும். அதனால்தான் கடற்காற்றின் ஈரமும் குளிர்ச்சியும் உள்ள காயாவுக்குக் கொண்டுவந்தார்கள். முன்பு ரபேலோ படகுகளில் வந்தது. இப்போது டேங்கர் லாரியில்.

கிடங்குக்குள் நுழைந்ததும் மரக்கலன்களின் அளவைக் கவனியுங்கள், ஏனென்றால் போர்ட்டின் வகைகளைப் பிரிப்பதே அதுதான். ஆளுயரம் தாண்டிய பெரிய தொட்டிகளில் இருப்பது ரூபி. காற்று அதிகம் படாததால் சிவப்பும் பழ வாசனையும் நிற்கும். 550 லிட்டர் பீப்பாய்களில் இருப்பது டானி. மரத்தின் வழியே காற்று புகுந்து, ஆண்டுதோறும் கொஞ்சம் ஆவியாகி, சிவப்பு மெல்லச் செங்காவியாகும். வால்நட், அத்திப்பழம், எரித்த சர்க்கரை வாசனை ஏறும். பீப்பாய் பழையதாகவே இருக்க வேண்டும், புது ஓக் மரம் தன் வாசனையைத் திணித்துவிடும்.

சுவைக்கும்போது அடிப்படை ரூபியோடு நிறுத்திவிடாதீர்கள். கூடுதலாகக் காசு கொடுக்க வேண்டியிருந்தாலும் 10 ஆண்டு டானியையும், டுகே டி பிரகான்சா என்ற 20 ஆண்டு டானியையும் அடுத்தடுத்து வைத்துக் குடித்துப் பாருங்கள். என் கணிப்பில் ஃபெரெய்ராவின் முழுத் திறமையும் அந்த இரண்டாவது கிளாஸில் தெரியும். 20 என்றால் எல்லாச் சொட்டும் 20 ஆண்டு கிடந்தது என்று பொருளல்ல. பல அறுவடைகளைக் கலந்து அந்த வயதின் சுவைக்குக் கொண்டுவருகிறார்கள். கலவை அந்த வயதுக்குரியதுதானா என்று டோரோ, போர்ட் ஒயின்களுக்கான அரசு நிறுவனம் சுவைத்துப் பார்த்து ஒப்புதல் தரும். புட்டியில் அதன் எண்ணிட்ட முத்திரை இருக்கும்.

வாங்குகிறவர்களுக்கு: டானி குடிக்கத் தயாரானது. லேசாகக் குளிரவைத்து 12 முதல் 14 டிகிரியில் ஊற்றுங்கள். திறந்த புட்டி குளிர்சாதனப் பெட்டியில் சில வாரம் தாங்கும். ஒரே ஆண்டு அறுவடையில் செய்து, புட்டியிலேயே முதிரும் விண்டேஜ் வேறு ரகம். வடிகட்டாமல் அடைப்பதால் அடியில் மண்டி படியும். முந்தின நாளே நிமிர்த்தி வைத்து, கழுத்துக்குப் பின்னால் வெளிச்சம் வைத்து மெதுவாகச் சாய்த்து, மண்டி கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். திறந்தால் ஓரிரு நாளில் தீர்த்துவிடுங்கள். வீட்டில் வைப்பதிலும் வேறுபாடு உண்டு. நீளமான கார்க் அடைத்த விண்டேஜைப் படுக்கவைக்கவும். பிளாஸ்டிக் தலையுள்ள குட்டை மூடி போட்ட டானி நிமிர்ந்தே இருக்கட்டும், படுத்தால் கசியும்.